எழுத்தில் ஒளிந்த உயிர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே ஒரு விதி சொல்லப்படுகிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தும் உயிரெழுத்துகள். எஞ்சிய இருபத்தொன்றும் மெய்யெழுத்துகள். உயிரெழுத்து இல்லாமல் சொல் இல்லை. இந்த விதியை மனப்பாடம் செய்த பிள்ளை சில மாதங்களுக்குள் வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’ என்ற சொல்லைச் சந்திக்கிறது. எஸ், கே, ஒய் என்று மூன்றே எழுத்து. ஐந்தில் ஒன்றும் அங்கே இல்லை. அழுவதும் பறப்பதும் முயல்வதும் அப்படியே: ‘கிரை’, ‘ஃபிளை’, ‘டிரை’. பின்னர், வளர்ந்த வகுப்பில், தொன்மத்தைக் குறிக்கும் ‘மித்’, துதிப்பாடலைக் குறிக்கும் ‘ஹிம்’, காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த ‘லிங்க்ஸ்’, நிலவறையைக் குறிக்கும் ‘கிரிப்ட்’ ஆகியவை வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ‘ரிதம்’. ஆர், எச், ஒய், டி, எச், எம். கவிதைக்கு அடிப்படையான ஒன்றைச் சுட்டும் சொல்லே அந்த ஐந்து எழுத்தில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளாமல் நிற்கிறது.

தமிழ் மேடைகளில் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. தமிழில் மெய்க்கு உயிர் உண்டு, ஆங்கிலத்தில் உயிரில்லாத உடல்கள் நடமாடுகின்றன என்பது அந்த நகைச்சுவை. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சொன்னவரிடம் ‘மரம்’ என்று எழுதச் சொல்லிப் பார்க்க வேண்டும். ம, ர, ம் என்று மூன்று வடிவங்கள். அவற்றில் அகரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ‘கடல்’, ‘பகல்’, ‘மகன்’, ‘படம்’ ஆகிய எதிலும் தனி உயிரெழுத்தும் இல்லை, காலோ கொம்போ விசிறியோ இல்லை. அகரம் ஏறிய மெய்க்குத் தமிழ் எழுத்தில் தனிக் குறி கிடையாது; புள்ளி இல்லாமையே அங்கு உயிர் உண்டு என்பதற்கு அடையாளம். தமிழ் எழுத்தறியாத ஒருவர் தம் ஊர் வழக்கப்படி உயிர்க்குறியைத் தேடினால் ‘மரம்’ என்பதையும் உயிரற்ற சொல் என்றே முடிவு கட்டுவார். கண்ணால் தேடியதால் வந்த பிழை அது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் சிரிப்பவர் செய்வதும் அதுவே.

தமிழ் இலக்கணத்தில் ‘எழுத்து’ என்னும் சொல் ஒலியையும் வரிவடிவையும் ஒருசேரக் குறிக்கும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் பெரும்பாலும் பேசுவது ஒலியைப் பற்றித்தான். பிறப்பியல் என்று ஓர் இயலே அதற்கு உண்டு. அந்த மரபில் வந்தவருக்கு உயிர் என்பது வாய் அடைபடாமல் வெளிப்படும் ஓசை. ஆங்கிலத்தின் ‘வவல்’ என்ற சொல்லும் குரலுடையது என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. பள்ளி விதி மட்டும் அந்தப் பெயரை ஒலியிலிருந்து எடுத்து எழுத்துக்குச் சூட்டிவிட்டது. தென் இங்கிலாந்தின் கற்றோர் உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ 20 என்று ஒலியியலார் கணக்கிடுகிறார்கள். தனியுயிர் 12, ஈருயிர் 8. இருபது ஒலிக்கு ஐந்து எழுத்து போதாது. அயலில் நின்ற ஒய் என்ற எழுத்தையும் டபிள்யூ என்ற எழுத்தையும் உதவிக்கு அழைத்தே ஆக வேண்டும். அழைத்தார்கள் என்பதைவிட, அவை அந்த வீட்டுப் பிள்ளைகளே என்பதுதான் வரலாறு.

அந்த வரலாறு பினீசியரிடம் தொடங்குகிறது. அவர்கள் எழுத்தில் மெய்கள் மட்டுமே இருந்தன. உயிரைப் படிப்பவர் தாமே இட்டு நிரப்ப வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கு ‘வாவ்’ என்று பெயர், கொக்கி என்று பொருள். கிரேக்கர் அந்த எழுத்துகளைக் கடன் வாங்கியபோது, தம் மொழிக்கு வேண்டாத மெய்களின் வடிவங்களை உயிருக்கு ஒதுக்கினார்கள். குரல்வளை மெய்யாக இருந்த ‘அலெஃப்’ அவர்களிடம் ‘ஆல்ஃபா’ என்னும் அகரமாயிற்று. ‘வாவ்’ இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வகர மெய்யாகவே நின்றது. மற்றொன்று ‘உப்சிலான்’ என்னும் உயிராயிற்று. முதலாவதிலிருந்து இன்றைய எஃப் வந்தது. இரண்டாவதிலிருந்து உரோமர் ஒரு வடிவத்தை எடுத்து அதையே உகரத்துக்கும் வகரத்துக்கும் வைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் அது யூ, வீ என இரண்டாயிற்று. அதை இரட்டித்து எழுதியபோது டபிள்யூ பிறந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில், கிரேக்கச் சொற்களை வழுவின்றி எழுத விரும்பிய உரோமர் அதே உப்சிலானை அதன் கிரேக்க வடிவிலேயே மறுபடியும் கடன் வாங்கினர். அதுதான் ஒய். இன்றும் பிரெஞ்சுக்காரர் அதைக் ‘கிரேக்க இ’ என்றே அழைக்கிறார்கள்.

ஆக எஃப், யூ, வீ, டபிள்யூ, ஒய் ஐந்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யூ மட்டும் உயிர்ப்பட்டியலில் இடம் பெற்றது. ஒய் மெய்களோடு வைத்து எண்ணப்பட்டது. இப்போது பல பாடநூல்கள் ஐந்தைச் சொன்னபின் ‘சில வேளைகளில் ஒய்யும்’ என்று ஒரு வால் சேர்க்கின்றன. அந்த வாலில்தான் ஸ்கையும் மித்தும் ரிதமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் ஒய் ஐயத்துக்கு இடமின்றி உயிரெழுத்து. இதழைக் குவித்துக்கொண்டு இகரம் சொன்னால் வரும் ஓர் ஒலிக்கு அது குறி. நெருப்பையும் எலிகளையும் குறித்த அக்காலச் சொற்கள் ஒய் இட்டே எழுதப்பட்டன. இதழ்க்குவிவு நாளடைவில் நாட்டின் பெரும்பகுதியில் நீங்கி, அந்த ஒலி இகரத்தோடு கலந்தது. அதன் பின் ஐ என்ற எழுத்தும் ஒய் என்ற எழுத்தும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாயின. எங்கே எது என்பதை முடிவு செய்தவர் பெரும்பாலும் எழுத்தர். இடைக்காலக் கையெழுத்தில் எம், என், யூ, ஐ ஆகியவை எல்லாம் ஒரே மாதிரியான செங்குத்துக் கோடுகள். அவை அடுத்தடுத்து வந்தால் வேலி போலத் தெரியும். அதனால் அந்த இடங்களில் ஐக்குப் பதிலாக வால் நீண்ட ஒய்யை எழுதினர். அதே காரணத்தால்தான் மகனைக் குறிக்கும் ‘சன்’ என்ற சொல்லில் யூ இருந்த இடத்தில் ஓ வந்தது என்பார்கள். சொல்லின் ஈற்றில் ஐ வருவதையும் ஆங்கிலேய எழுத்தர் விரும்பவில்லை. அங்கும் ஒய் நிலைத்தது. ‘ஸ்கை’ ஆங்கிலத்தில் பிறந்த சொல்லன்று. வடவரான நார்ஸ் மக்களிடமிருந்து வந்தது. அவர்களிடம் அதற்கு மேகம் என்று பொருள். மேகம் வானமாக விரிந்தது தனிக் கதை.

இந்தியர் எல்லோரும் அறிந்த ஒரு சொல்லும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. 1947 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில் ஜவஹர்லால் நேரு ஆற்றிய உரையின் தொடக்கத்தில், விதியோடு செய்துகொண்ட சந்திப்பு உறுதியைக் குறிக்க அவர் எடுத்தாண்ட ‘டிரிஸ்ட்’. டி, ஆர், ஒய், எஸ், டி. பழைய பிரெஞ்சு மொழியில் வேட்டையின்போது ஆள் காத்து நிற்க வேண்டிய இடத்துக்கு அந்தப் பெயர். பின்னர் காதலர் குறியிடத்துக்கும் ஆயிற்று. சங்க அகப்பாடல்களில் பயின்றவருக்குப் பகற்குறியும் இரவுக்குறியும் நினைவுக்கு வரும். அரசியல் சொற்பொழிவுக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் நல்ல வாசகர் என்பதில் ஐயமில்லை.

இன்னும் ஒன்று, ‘சிசிஜி’. ஆறெழுத்துச் சொல்லில் மூன்று ஒய். ஞாயிறும் நிலவும் நிலமும் ஒரு கோட்டில் நிற்பதை, அதாவது அமாவாசை, பௌர்ணமி ஆகிய நிலைகளை, வானியலார் அப்படி அழைக்கிறார்கள். கிரேக்கத்தில் அதற்கு ஒரே நுகத்தில் பூட்டப்பட்டது என்று பொருள். வடமொழி ‘யோகம்’, ‘யுகம்’ ஆகியவற்றுக்கும் அந்தச் சொல்லுக்கும் வேர் ஒன்றே. மேலை யாப்பு நூலார் இரண்டு சீர்களை இணைத்து ஓர் அலகாகக் கொள்வதையும் அதே சொல்லால் குறித்தனர்.

டபிள்யூவின் வழக்கு வேறு. அதற்காக வேல்ஸ் நாட்டுக்குச் செல்ல வேண்டும். வேல்ஸ் மொழியில் உயிரெழுத்துகள் ஏழு. ஐந்தோடு டபிள்யூவும் ஒய்யும் அங்கே முறையான உறுப்பினர். பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்லைச் சி, டபிள்யூ, எம் என்று எழுதுவார்கள். ‘கூம்’ என்று படிப்பார்கள். எழுத்தறியாதவருக்கு முக்கலைப் போலத் தோன்றும் இந்தச் சொல் வேல்ஸ் காதுக்கு உயிரோடு கூடிய எளிய ஓரசை. கெல்டிக் மொழியின் அதே சொல்லை ஆங்கிலேயர் தம் வழக்கில் ஓ இட்டு எழுதிக்கொண்டார்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் அது ‘கோம்’ என நிற்கிறது.

வேல்ஸ் எழுத்திலேயே அந்தச் சொல் இமயத்தில் ஏறியிருக்கிறது. 1921இல் எவரெஸ்டுக்கு வழி தேடிச் சென்ற பிரித்தானியக் குழுவில் ஜார்ஜ் மாலரி இருந்தார். அவர் ஆங்கிலேயர், ஆனால் வேல்ஸ் நாட்டுப் பாறைகளில் ஏறிப் பழகியவர். எவரெஸ்டு, லோட்சே, நுப்சே ஆகிய மூன்று சிகரங்களுக்கு நடுவே கிடந்த பனிப் பள்ளத்தைக் கண்டு அதற்கு ‘மேற்குக் கூம்’ என்று பெயரிட்டார். 1953 மே 29 அன்று உச்சியை அடைந்த டென்சிங்கும் ஹிலாரியும் அந்தப் பள்ளத்தின் வழியாகவே சென்றனர். பனியாறு குடைந்த கிண்ண வடிவப் பள்ளத்துக்கு இன்று ஆங்கில நிலவியல் நூல்களிலும் ‘கூம்’ என்பது கலைச்சொல். ஐந்து உயிரெழுத்தில் ஒன்றும் ஒய்யும் இல்லாமல் ஆங்கில அகராதியில் இடம்பிடித்த மிகச் சில சொற்களில் அது ஒன்று. மற்றொன்று ‘குரூத்’: சி, ஆர், டபிள்யூ, டி, எச். வில்லால் இழைத்து வாசிக்கும் ஆறு நரம்பு இசைக்கருவி. இரண்டு நரம்புகள் விரல்பலகைக்கு வெளியே ஓடும். கருவி வழக்கொழிந்தது. அதை வாசித்தவர்களின் குலப்பெயர் ‘குரௌதர்’ என்று ஆங்கிலேயரிடையே இன்னும் வழங்குகிறது.

வேல்ஸ் நாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் பாவலர் அவையில் ‘கங்ஹானெத்’தைப் பற்றிப் பேசாமல் போவது முறையன்று. வேல்ஸ் மரபுப்பாவின் தொடை முறைக்கு அது பெயர். அதன் ஒரு வகையில் அடியை இரண்டு பாதியாக்கி, முதற்பாதியில் வந்த மெய்களை அதே வரிசையில் இரண்டாம் பாதியிலும் அமைக்க வேண்டும். உயிர்கள் மாறலாம், மாறுவதே அழகு. தமிழில் மோனையும் எதுகையும் சீரின் தலையிலும் இரண்டாம் எழுத்திலும் ஒலியொப்புமை கேட்கின்றன. கங்ஹானெத் பாதியடி முழுவதிலும் மெய்யொப்புமை கேட்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோத் விழாவில் இந்த யாப்பில் பாடி வென்றவருக்கு நாற்காலி பரிசளிக்கிறார்கள். மெய்களின் அணிவகுப்பை இவ்வளவு நுட்பமாகக் கேட்கும் காது, எது மெய் எது உயிர் என்பதில் தடுமாற முடியாது. டபிள்யூ உயிராக வந்த இடத்தில் அதை உயிராகவே அந்தக் காது விட்டுவிடும்.

அந்தக் காதை ஆங்கிலக் கவிதைக்குக் கொண்டுவந்தவர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ். இயேசு சபைத் துறவியான அவர் 1874 முதல் 1877 வரை வட வேல்ஸில் இறையியல் பயின்றார். அங்கே வேல்ஸ் மொழியும் கற்றார். 1875 டிசம்பரில் ‘டாய்ச்லாந்து’ என்னும் கப்பல் சிதைந்து துறவியர் ஐவர் மாண்டதைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதையில் மெய்யொப்புமை அலையலையாக வருவதற்கு அந்தக் கல்வி ஒரு காரணம். ‘துள்ளு ரிதம்’ என்று அவர் வகுத்துக்கொண்ட முறையில் ஒவ்வொரு சீருக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அழுத்தமற்ற அசைகள் எத்தனையும் வரலாம். எண்ண வேண்டியது அழுத்தத்தை. 1889இல் அவர் மறைந்தபோது அவருடைய பாடல்களை அறிந்தவர் சிலரே. நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1918இல்தான் அவற்றை நூலாக்கினார்.

உண்மையிலேயே உயிரொலி இல்லாத சொற்கள் ஆங்கிலத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. வாயை மூடச் சொல்லும் ‘ஷ்ஷ்’, யோசனையில் வரும் ‘ம்ம்’, இரக்கமோ எரிச்சலோ தோன்ற நாக்கை மேல்வாயில் தட்டும் ‘ட்ஸ்க்’, குளிருக்கு ‘பிர்ர்’. அவை தமிழிலும் உண்டு. ‘ம்’ கொட்டாமல் தமிழ்நாட்டில் கதை கேட்க முடியுமா? இவற்றை வைத்து எந்த மொழியும் மற்றொன்றைப் பழிக்க இயலாது.

உயிரை எழுதாமல் விடுவது வேறு, இல்லாமல் செய்வது வேறு என்பதற்குச் சுருக்கெழுத்து நல்ல சான்று. ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறையில் மெய்களுக்குக் கோடுகள், உயிர்களுக்குப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும். விரைவாக எழுதுபவர் புள்ளிகளை விட்டுவிடுவார். ஆயினும் கோட்டுருவைத் தாளின் வரிக்கு மேலே எழுதுகிறாரா, வரியைத் தொட்டு எழுதுகிறாரா, வரியை ஊடறுத்து எழுதுகிறாரா என்பதிலேயே முதல் உயிர் இன்னது என்பது புலப்படும். தட்டச்சுப் பயிலகங்களில் சுருக்கெழுத்துப் படித்தவர்கள் இதை அறிவார்கள். பிற்காலக் கைப்பேசிக் குறுஞ்செய்திகளில் 160 குறிக்குள் அடக்க உயிரைக் கழித்து எழுதியதும், 2004இல் தோன்றிய ‘ஃபிளிக்கர்’ என்னும் படத்தளம் ஈற்று ஆருக்கு முன்னிருந்த ஈயை விட்டுத் தன் பெயரை எழுதியதும் இதே நம்பிக்கையில்தான். கண் காணாததைக் காது போட்டுக்கொள்ளும்.

இனி ரிதத்துக்கு வரலாம்.

கிரேக்கத்தில் அது ‘ருத்மோஸ்’. உப்சிலான் ஓர் உயிர். ஈற்றில் ஓகர வகை மற்றோர் உயிர். ஓடுதல் என்னும் வினையிலிருந்து பிறந்ததென்பது நெடுங்காலக் கருத்து. கடலலையின் ஏற்ற இறக்கத்தை நினைத்துக்கொண்டு சொன்னார்கள். 1951இல் எமில் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு மொழியியலார் பழைய வழக்குகளை ஆராய்ந்து, அதன் முதற்பொருள் வடிவம், அதிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று அந்தக் கணத்தில் கொள்ளும் வடிவம் என்றார். கவிதை எழுதுபவருக்கு இந்தப் பொருள் இன்னும் உவப்பாக இருக்கும். சொல் இலத்தீனில் ‘ரித்முஸ்’ ஆயிற்று. ஆங்கிலம் ஈற்று விகுதியைக் கழற்றிவிட்டது. கழற்றியபின் தகரமும் மகரமும் ஒட்டி நின்றன. ஆங்கில நாவுக்கு அந்த மயக்கம் ஓரசைக்குள் இயலாது. இடையே ஒரு மெல்லிய உயிர் முளைக்கிறது, அல்லது மகரமே அசையைத் தாங்கிக்கொள்கிறது. எழுத்தில் ஒய் ஒன்றே உயிர். ஒலியில் அசை இரண்டு. இரண்டாம் அசைக்கு எழுத்தில் எந்தச் சுவடும் இல்லை. பிளவைக் குறிக்கும் ‘கேசம்’, பட்டகத்தைக் குறிக்கும் ‘பிரிசம்’ ஆகியவையும் இந்த வகையே.

எழுத்தை நம்பி அசை பிரிப்பவர் ‘ரிதம்’ வரும் அடியில் ஓரசை குறையக் காண்பார்; அடியின் மேல் பழி போடுவார். ஆங்கில யாப்பைப் புத்தகத்தில் மட்டும் படிப்பவருக்கு இது நேரக்கூடியது.

இதே சொல் தன் அண்டைச் சொல்லையும் மாற்றியிருக்கிறது. இயைபைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முன்னாளில் ஆர், ஐ, எம், ஈ என்று எளிமையாக எழுதப்பட்டது. ரிதத்தோடு உறவு கற்பித்த கற்றோர் அதற்குள் எச்சையும் ஒய்யையும் நுழைத்தனர். பதினேழாம் நூற்றாண்டில் அந்த வடிவம் வேரூன்றியது. 1798இல் கோல்ரிட்ஜ் தம் முதிய மாலுமியின் கதையை வெளியிட்டபோது வேண்டுமென்றே பழைய ஐ வடிவத்தைத் தலைப்பில் வைத்தார். அதே தலைப்பில் ‘பழைய’ என்னும் அடைமொழிச் சொல்லில் ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஒய்யை இட்டார். ஓரிடத்தில் ஒய்யை நீக்கியும் ஓரிடத்தில் ஒய்யைப் புகுத்தியும் பழமைத் தோற்றம் வருவித்தார். ஒலி எங்கும் மாறவில்லை.

பாவலர்கள் உயிரைத் தாமே வெட்டியதும் உண்டு. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ 1667இல் அச்சானபோது விண்ணுலகைக் குறிக்கும் ‘ஹெவன்’ என்ற சொல் ஈற்று ஈ நீக்கப்பட்டு, அந்த இடத்தில் ஒரு மேற்குறி இடப்பட்டு வந்தது. இங்கே ஓரசையாகப் படி என்பது வாசகருக்கு அதனால் விடுத்த செய்தி. அடிக்குப் பத்து அசை என்ற கணக்கு பிழையாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. தமிழ் யாப்பிலும் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் தளை கெடும் இடத்தில் அலகு பெறாமல் போவதுண்டு. எழுத்து ஏட்டில் நிற்கும், எண்ணிக்கையில் நிற்காது. மில்டனின் இந்த வழக்கங்களை அடி அடியாக ஆராய்ந்து 1893இல் நூல் எழுதியவர், ஹாப்கின்ஸின் பாடல்களைப் பின்னாளில் வெளியிட்ட அதே பிரிட்ஜஸ்.

எழுத்தையும் ஒலியையும் ஒன்றாக்கிக் குழப்பினால் என்ன கேடு வரும் என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாற்றில் சாசரை விடப் பெரிய சான்று இல்லை. இங்கே நிலைமை தலைகீழ்: எழுத்து இருந்தது, ஒலி போய்விட்டது. 1400இல் சாசர் மறைந்தார். அவர் காலத்தில் சொல்லின் ஈற்றிலிருந்த ஈ ஒலிக்கப்பட்டது. பெயரைக் குறிக்கும் ‘நேம்’ அன்று ‘நாமெ’ என்ற ஈரசைச் சொல். அடுத்த நூற்றாண்டுக்குள் அந்த ஈற்றுயிர் நாவிலிருந்து நீங்கியது. எழுத்தில் மட்டும் தங்கியது. பின்வந்தவர்கள் தம் காலத்து ஒலியோடு சாசரைப் படித்தார்கள். பத்து அசை இருக்க வேண்டிய அடிகளில் ஒன்பதும் எட்டுமே கேட்டன. நல்ல கதைசொல்லி, ஆனால் யாப்பறியாதவர் என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது. பழைய பதிப்பாசிரியர் ஒருவர், குறை சாசரிடம் இல்லை, படிப்பவர் காதில் இருக்கிறது என்று வாதிட்டார். 1700இல் டிரைடன் தம் நூல் முன்னுரையில் அந்த வாதத்தை எள்ளி ஒதுக்கினார். சாசர் மீது அளவிறந்த அன்பு கொண்டவர்தான் டிரைடன். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று அவரைப் போற்றியவர். அவர் கதைகளைத் தம் கால மொழியில் மாற்றி எழுதியவர். ஆயினும் ஒன்பதைப் பத்தென்று நம்ப அவர் ஆயத்தமாக இல்லை.

1775இல் தாமஸ் டிர்விட் ‘காண்டர்பரிக் கதை’களைப் பதிப்பிக்கத் தொடங்கினார். சாசர் கால மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து, ஈற்று ஈ ஒலித்தது என்று காட்டினார். அடிகள் தாமாகவே பத்து அசையில் வந்து அமர்ந்தன. கவிஞர் எழுதியது எதுவும் மாறவில்லை. ஒரு மெல்லிய உயிரைக் கேட்காததால் அவர் மீது சுமத்தப்பட்ட பழி நீங்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்ச் சுவடிகளிலும் பதிப்பாசிரியர் இதைப் போன்ற இடர்களைக் கடந்தே வந்தனர். ஓலையில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியா; ரகரத்துக்கும் காலுக்கும் வடிவம் ஒன்றே. ‘கெள’ என்று கீறப்பட்டிருப்பதைக் ‘கேள்’ என்றும் படிக்கலாம். முன்னது நிரை, பின்னது நேர். அந்த இடத்தில் எது நிற்க வேண்டும் என்பதைப் பொருளோடு சேர்ந்து யாப்பும் தீர்மானித்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றோருக்கு இசையும் யாப்பும் அறிந்த காது இல்லாதிருந்தால், இன்று கையில் இருக்கும் பாடம் வேறாக இருந்திருக்கும்.

பிரெஞ்சு மொழியில் ரிதம் என்னும் சொல் முதல் எச்சை இழந்து, ஈற்றில் ஓர் ஈயைப் பெற்றிருக்கிறது. பேச்சில் அந்த ஈ ஒலிக்காது, சொல் ஓரசை. மரபுப்பாவில் அடுத்து மெய் வந்தால் ஒலிக்கும், சொல் ஈரசை. ஆங்கிலத்தில் ஈயே இல்லை, எனினும் எப்போதும் ஈரசை. தமிழில் எழுதும்போது வேறொன்று நடக்கிறது. ஆங்கில எழுத்து மறைத்து வைத்த இரண்டாம் உயிரைத் தமிழ் எழுத்து மறைக்க இயலாது. தகரத்தின் மேல் புள்ளி இல்லாமையால் அது வெளிப்பட்டு நிற்கிறது. ‘ரிதம்’ குறிலிணை ஒற்றடுத்து வந்த நிரையசை; வெண்பாவின் ஈற்றில் வைத்தால் ‘மலர்’ என்னும் வாய்பாடு. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்று கருதும் மரபுப் பாவலர் முன்னே இகரம் சேர்த்து ‘இரிதம்’ என்று எழுதுவார். அப்போது இரி, தம் எனப் பிரிந்து, நிரையும் நேருமாகப் புளிமாச் சீர் ஆகும். ஆங்கிலேயர் வாயில் உள்ளபடியே ஈரசை.